அப்பாவின் பெயரில் இரண்டு வருஷம்

இருங்காட்டுக்கோட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்பெனியில் யாரும் யாரையும் ‘சார்’ என்று கூப்பிடக் கூடாது. இது வேண்டுகோள் இல்லை, சட்டம். கேட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு பாதுகாப்பு ஷூ மாட்டிக்கொள்வதுபோல ‘சாரை’யும் வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கார்களுக்கு சீட் பிரேம் செய்து கொடுக்கிற கம்பெனி அது. முதலாளிகள் வெளிநாட்டுக்காரர்கள். எந்த நாடு என்பது முக்கியமில்லை. சட்டையில் பெயரைத் தைத்து, அந்தப் பெயரைச் சொல்லி ஒருவரையொருவர் கூப்பிட்டால் எல்லாரும் ஒரே குடும்பம் ஆகிவிடுவார்கள் என்று நம்புகிற நாடு. எங்கள் பக்கம் குடும்பத்துக்குள்தான் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்பதை அவர்களுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

பயிற்சி வகுப்பு எடுத்த எச்.ஆர். பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். சென்னையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். முதல் நாள் எங்கள் முப்பது பேரை உட்காரவைத்து, “இங்க எல்லாரும் ஈக்வல். என்னையும் நீங்க பேர் சொல்லித்தான் கூப்பிடணும், ஓகேவா?” என்றாள். முப்பது பேரும் ஒரே குரலில், “ஓகே மேடம்” என்றோம். அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒவ்வொரு லைனுக்கும் ஒரு பலகை வந்தது. அன்றைக்கு அந்த லைனில் எத்தனை ‘சார்’ விழுந்தது என்று அதில் கோடு போடவேண்டும். எத்தனை பேருக்குக் கையில் அடிபட்டது என்று குறிக்கிற பலகை அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது அந்த வருஷத்தின் லட்சியம். அடிபடுவது சீக்கிரமே குறைந்துவிட்டது.

‘சார்’ குறையவில்லை, வேஷம் மாற்றிக்கொண்டது. எங்கள் சூப்பர்வைசருக்கு ஐம்பது வயது. அம்பத்தூரில் மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வந்தவர். தெற்கத்திப் பையன்கள் அவர் பெயரைச் சொல்லிவிட்டு, கூடவே ஓர் ‘அண்ணே’யை வாய்க்குள் போட்டு விழுங்கினார்கள். சிலர் ‘ஹலோ’ என்றார்கள். சிலர் கூப்பிடுகிற வேலையையே விட்டுவிட்டு, அவர் கண்ணில் படும்வரை எதிரே போய் நின்றார்கள். துணிந்து வெறும் பெயரைச் சொன்னவனை அவர் ஒன்றும் சொல்லமாட்டார். கம்பெனிச் சட்டமாயிற்றே. அடுத்த வாரம் அவனுக்கு மட்டும் தொடர்ந்து ராத்திரி ஷிஃப்ட் விழும்.

கம்பெனித் தலைவர் தினமும் காலையில் லைனைச் சுற்றி வருவார். தன்னையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்பதைத் தமிழில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நல்ல மனிதர். அவரை ‘சார்’ என்றால் பலகையில் கோடு விழும், பெயரைச் சொல்லவோ வாய் வராது. ஆகவே எங்கள் லைனில் ஒரு வருஷம் யாரும் அவரிடம் எதையும் சொல்லவில்லை. கேன்டீன் சாம்பாரைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. குறையே இல்லாத தொழிற்சாலை என்று அவர் தம் ஊருக்கு எழுதியிருப்பார்.

இதெல்லாம் எல்லாருக்கும் பொதுவான கஷ்டம். என் கஷ்டம் தனி. அவர்கள் என்னைக் கூப்பிட்ட பெயர் என்னுடையதே இல்லை. அது என் அப்பாவின் பெயர்.

குற்றம் என்னுடையதுதான். சேருகிற அன்று கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் கட்டம் கட்டமாகப் போட்ட ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். முதல் பெயர் என்று ஒரு வரி, கடைசிப் பெயர் என்று ஒரு வரி. நம் ஊரில் பெயர் எழுதத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் வருவது இனிஷியல், அப்புறம்தான் பெயர் என்று சொல்வார்கள். அந்த ஒற்றை எழுத்தை விரித்து எழுதச் சொல்கிறார்கள் என்று நினைத்து, முதல் வரியில் அப்பா பெயரையும் அதன் கீழே என் பெயரையும் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக அழகாக எழுதிக் கொடுத்தேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேனிப் பக்கத்துப் பையனுக்கு ஊர்ப் பெயர்தான் இனிஷியல். அவன் முதல் வரியில் பெரியகுளம் என்று எழுதினான். பதினைந்து நாளில் சட்டைகள் தைத்து வந்தன. என் நெஞ்சில் அப்பா இருந்தார், அவன் நெஞ்சில் பெரியகுளம் இருந்தது.

“ஹாய் பெரியகுளம், எப்படி இருக்கீங்க?” என்று எச்.ஆர். பெண் வராண்டாவில் அவனைக் கேட்பாள். “நல்ல மழைங்க, வாய்க்கால்ல தண்ணி போகுதாம்” என்பான் அவன். அவனுக்கு இதில் வருத்தமே இல்லை. “எங்க ஊரப் பத்தி இந்த ஊருல வேற யாருண்ணே கேக்கப் போறா?” என்பான்.

எனக்கு வருத்தம் இருந்தது. ஏனென்றால் அப்போது அப்பாவும் நானும் பேசிக்கொள்வதில்லை.

அப்பா தாம்பரம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, யார் வேலைக்கு வந்தான், யார் வரவில்லை என்று எழுதுவதுதான் அவர் வேலை. இருபத்தெட்டு வருஷம் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் வண்டி நம்பரைச் சொல்லியே அதட்டியவர். வீட்டிலும் கிட்டத்தட்ட அதே முறைதான். என்னை “டேய்” என்பார், அம்மாவை “இந்தா” என்பார். அம்மா உயிரோடு இருந்தவரை ஒரு தடவைகூட அவர் பெயரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் என்னை முன்னே தள்ளிச் சொல்லவைப்பாள். அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை. வேண்டிய மட்டும் சொல்லியாகிவிட்டது.

நான் கல்யாணம் செய்துகொண்ட பெண் பென்னலூர்க்காரி, சர்ச்சுக்குப் போகிற வீடு. அவள் வீட்டில் மூன்று மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கிறிஸ்துமஸ் வந்ததும் கேக்கோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். அப்பா அப்படி இல்லை. ரிஜிஸ்தர் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் எங்கள் பெயர்களை ஒட்டியிருந்ததை நேரில் போய்ப் படித்துவிட்டு வந்து, “அந்தப் பொண்ணு இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. எம் பேரச் சொல்லிக்கினு எங்கியும் போயி நிக்காத” என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. “உங்க பேரு யாருக்கு வேணும்” என்றேன். படப்பை வீட்டில் அவரைத் தனியாக விட்டுவிட்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ரூம் பிடித்து மனைவியோடு வந்துவிட்டேன். நாலாவது மாதம் இந்த வேலை கிடைத்தது. யாருக்கு வேண்டும் என்று நான் கேட்ட பெயரைச் சட்டையில் தைத்து, மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள இரண்டாகக் கொடுத்தார்கள்.

முதல் மாதம் கூசியது. காலையில் கேட்டுக்குள் நுழையும்போதே செக்யூரிட்டி அந்தப் பெயரைச் சொல்லி குட்மார்னிங் வைப்பான். உள்ளே போனால் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் அந்தப் பெயரைச் சொல்லி ஸ்பேனரை எடுக்கச் சொல்வான். எனக்கு முதுகில் சுரீர் என்னும். அப்பா வந்து நிற்கிறாரோ என்று பின்னால் திரும்பிப் பார்த்த பிறகுதான், கூப்பிட்டது என்னை என்று உறைக்கும். வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு வருகிறவர்கள் இன்னும் மோசம். வாழ்நாளில் அன்றைக்குத்தான் என்னைப் பார்க்கிறார்கள். நெஞ்சில் இருப்பதைப் படித்து, ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள்போல அப்பா பெயரைச் சொல்லித் தோளில் கை போடுவார்கள். படப்பையில் அப்பாவின் தோளில் கை போட்ட ஆள் எனக்குத் தெரிந்து ஒருவரும் கிடையாது.

இரண்டாம் மாதம், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் இனித்தது. வெல்டிங் பிசகினால் சூப்பர்வைசர் அந்தப் பெயரைச் சொல்லி, பின்னால் ஒரு ‘டா’வையும் போட்டு, “கண்ணு இன்னா பொடனியிலயா கீது உனக்கு?” என்று கத்துவார். தாம்பரம் பஸ் நிலையத்தையே அதட்டிய மனிதரை, அவருக்கே தெரியாமல், தினம் நாலு தடவை ஒருவர் அதட்டுகிறார். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன், சிரிப்பை மறைக்க. அப்பாவுக்குத் திட்டு வாங்கித் தருவதற்காகவே ஒரு குழாயை நான் வேண்டுமென்று கோணலாக வைத்ததும் உண்டு.

அந்த இனிப்பு நாலைந்து மாதத்தில் தீர்ந்துவிட்டது. சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்கு உலகத்தில் ஒரு வசதி உண்டு, பிரிந்த ஆளை மறந்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். எனக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத ஆளின் பெயர் ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுந்தால் வைராக்கியத்தை எதில் கட்டி வைப்பது? மத்தியானம் கை கழுவப் போனால் எவனாவது அப்பா பெயரைச் சொல்லி, “சாப்டாச்சா?” என்பான். ஆச்சு என்பேன். சொன்ன பிறகு, படப்பையில் தனியாக இருக்கிற அவர் சாப்பிட்டாரா, இல்லை காலையில் வடித்ததையே வைத்துக்கொண்டிருக்கிறாரா என்று மனசு ஓடும். எரிச்சலாக வரும். நலம் விசாரிக்கிறேன் என்று வருகிறவனையெல்லாம் அடிக்கலாம் போலிருக்கும்.

வீட்டிலும் தப்பிக்க முடியவில்லை. லைனில் கூட வேலை செய்கிற ஒருவன் ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதற்காக ஒரு நாள் எங்கள் ரூமுக்கு வந்து, என் மனைவியிடம் அப்பா பெயரைச் சொல்லி, இருக்காரா என்று கேட்டிருக்கிறான்.

“அவரு இங்க வரமாட்டாருப்பா. படப்பையில கீறாரு” என்றிருக்கிறாள் அவள்.

“நேத்து கூட டூட்டிக்கு வந்தாரே.”

“வந்தாரா? யாரப் பாக்க வந்தாரு? எங்களப் பத்தி எதுனா கேட்டாரா?”

நான் தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தபோது அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளுடைய முகம் அன்றைக்கு இருந்த இருப்பை நான் பார்த்தேன். அவர் வந்திருக்கிறார் என்று அவள் ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள். விஷயத்தை விளக்கிச் சொன்னதும் சிரித்தாள்.

அதைவிட மோசம் டிஸ்பென்சரியில். கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில் நான் அப்பா பெயரில்தானே இருந்தேன். அவள் காய்ச்சலென்று போன அன்று, வரிசையில் அத்தனை பேர் முன்னால் நர்ஸ் அப்பா பெயரைச் சொல்லி, அவரோட சம்சாரம் வாம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். அவள் எழுந்திருக்கவில்லை. கடைசி ஆளாக மாத்திரை வாங்கிக்கொண்டு வந்து என்மேல் வீசினாள். “வூட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்ன மனுசனுக்கு என்னைச் சம்சாரம்னு எழுதி வச்சிருக்கீங்களே, இது அவருக்குத் தெரிஞ்சா தூக்கு மாட்டிக்குவாரு” என்றாள்.

பெயரை மாற்றிவிடலாம் என்று மறுநாளே எச்.ஆருக்குப் போனேன். அந்தப் பெண் நெஞ்சைப் படித்துவிட்டு ஹாய் சொன்னாள்.

“ரொம்ப நல்ல பேராச்சே, ஏன் மாத்தணும்?”

“அது எங்க அப்பா பேருங்க மேடம்.”

“ஸோ ஸ்வீட். அப்பா மேல அவ்வளவு பாசமா?”

“அய்யோ, இல்லீங்க. அவரு பேரு அது. எம் பேரு கீழ் வரியில கீது.”

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். “அது லாஸ்ட் நேம். உங்க ஃபேமிலி பேரு.”

“எங்க ஃபேமிலியில அந்தப் பேரு எனக்கு மட்டும்தாங்க.”

அவளுக்கு இது புதுசாக இருந்தது. அவளும் தமிழ்நாட்டில் பிறந்தவள்தான், அவள் பெயருக்கு முன்னாலும் ஓர் எழுத்து இருந்திருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் வெளிநாட்டில் பிறந்தது. ஒரு தடவை ஏறிய பெயரை இறக்கவேண்டுமானால் நோட்டரியிடம் உறுதிமொழி, அரசிதழில் அறிவிப்பு, இரண்டு செய்தித்தாளில் விளம்பரம் என்று நீளமாகச் சொன்னாள். என் பெயரை என் பெயராக மாற்றிக்கொள்கிறேன் என்று நான் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவையும், உங்கள் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது, ‘டியர்’ போட்டு, அப்பா பெயரில்.

இரண்டாவது வருஷம் முடிகிறபோது குடும்ப தினம் என்று ஒன்றை அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, கேன்டீன் ஷெட்டில் விழா. குழந்தைகளுக்கு விளையாட்டு, எல்லாருக்கும் பிரியாணி, நன்றாக வேலை செய்தவர்களுக்குப் பரிசு. வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாத ஒரே ஆள் என்று எனக்கு ஒரு பரிசு. இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மனுஷன் எதற்கு லீவு போடுகிறான்? மாமா பேத்திக்குக் காதுகுத்து, சித்தப்பா வீட்டில் கிரகப்பிரவேசம், பங்காளி வீட்டில் சாவு. எங்கள் பக்கத்தில் அப்பாவுக்குப் பயந்து ஒருவரும் எனக்குச் சொல்லி அனுப்புவதில்லை. சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்துவிட்டால் எவனும் முழு வருகைக்குப் பரிசு வாங்கலாம்.

பரிசு பெறுகிறவர்களுக்குத் தபாலில் அழைப்பு அனுப்பியிருந்தார்கள். அது நிரந்தர முகவரிக்குப் போயிருக்கிறது. என் நிரந்தர முகவரி என்று படிவத்தில் இருந்தது படப்பை வீடு, ரேஷன் கார்டு அங்கேதானே இருந்தது. இது எனக்கு அப்போது தெரியாது. நோட்டீஸ் போர்டில் பார்த்துத் தெரிந்துகொண்டு, யூனிஃபார்மை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, மனைவியோடு போனேன்.

கேட்டில் பரிசுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ரோஜாப்பூவும் பெயர் அச்சடித்த ஒரு ஸ்டிக்கரும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்திருந்த செக்யூரிட்டி பட்டியலைப் பார்த்தான்.

“உம் பேர்ல ஏற்கெனவே ஒருத்தரு வாங்கிக்கினு பூட்டாருப்பா.”

“எம் பேர்லயா? யாரு?”

“லெட்டர் வச்சிருந்தாரு. பேரு கரெக்டா இருந்திச்சி, உட்டுட்டேன்.”

பெயின்ட் ஷாப்பில் அதே பெயரில் இன்னொருவர் இருந்தார். அவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஷெட் நிறைய நாற்காலி. தலைவர் வேட்டி கட்டி, அதன்மேல் அகலமான பெல்ட் போட்டிருந்தார். எச்.ஆர். பெண் பட்டுப்புடவையில் மைக்கைப் பிடித்திருந்தாள். இரண்டு மூன்று பரிசுகள் ஆன பிறகு, முழு வருகைக்கான பரிசு என்று சொல்லி, அப்பா பெயரைக் கூப்பிட்டாள். இரண்டு வருஷப் பழக்கம், சட்டென்று எழுந்துவிட்டேன். எனக்கு நாலு வரிசை முன்னால் இன்னொருவரும் எழுந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. முகம் தெரியவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பின்கழுத்தை நான் சின்ன வயதிலிருந்து சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன்.

நடக்கப்போவது அப்படியே தெரிந்தது. நானும் மேடைக்குப் போனால், “நீங்க இல்லீங்க, இவரு” என்று யாராவது அவரை ஐந்நூறு பேர் முன்னால் திருப்பி அனுப்புவார்கள். அவர் வெறுங்கையோடு இறங்கி வருகிற வழியில் என்னைப் பார்ப்பார். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் எங்கள் முகத்தில் விழிக்கமாட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னா உக்காந்துட்டீங்க? உங்களத்தான்” என்றாள் மனைவி.

“எனக்கில்ல. பேசாம இரு.”

அவள் மேடையைப் பார்த்தாள். யாரென்று அவளுக்கும் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசையிலிருந்து பெரியகுளம் என் தோளைத் தட்டினான்.

“அண்ணே, யாரோ ஒரு பெரியவரு உங்க பேருல போறாருண்ணே.”

“அவரு பேருலதாண்டா அவரு போறாரு” என்றேன்.

இன்னொரு பயமும் இருந்தது. ஏறிப் போகிறவருக்கு அறுபத்து மூன்று வயது. வருஷம் பூராவும் வெல்டிங் லைனில் நின்றவர் என்று சொல்லி அவருக்குப் பரிசு கொடுக்கப் போகிறார்கள். எச்.ஆர். பெண் கண்டுபிடித்துவிடுவாள். அவள் விட்டாலும், தினம் காலையில் என்னிடம் வந்து பெயர் சொல்லி நலம் விசாரிக்கிற தலைவர் விடமாட்டார் என்று நினைத்தேன். வீண் பயம். தலைவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, தோளில் தட்டி, பெயரைச் சொல்லி வாழ்த்தினார். எச்.ஆர். பெண் பெயரைச் சொல்லி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னாள். எங்கள் எல்லாருடைய பெயரும் அவர்களுக்குத் தெரியும், ஆளைத்தான் தெரியாது. அடுத்த மாதம் கம்பெனிப் பத்திரிகையில் அப்பா படம் வந்தது. கீழே அப்பா பெயர் போட்டிருந்தார்கள். பார்க்கப்போனால் அதில் ஒரு பிழையும் இல்லை.

மகள் வயதுப் பெண் ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு அப்பா முறைப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைகூப்பி வணக்கம் சொன்னார். அப்புறம், கொடுத்த சான்றிதழை மேடையிலேயே நின்று கண்ணாடி போட்டுப் படித்தார். எந்தக் காகிதத்தையும் படிக்காமல் வாங்குகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அடுத்த பரிசுக்காரன் படியில் காத்திருந்தான். தலைவர் குலுக்கின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அப்பா கடைசி வரிவரை படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, பரிசுப் பெட்டியோடு இறங்கினார். தன் நாற்காலிக்குப் போகவில்லை. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த அழைப்பைத் தனக்கு வந்தது என்று நம்பி வந்தாரா, எனக்கு வந்தது என்று தெரிந்தே வந்தாரா என்று நான் கேட்கவில்லை. உறையில் அவர் பெயருக்கு அடுத்து என் பெயரும் இருந்தது. அவர் அதையும் படித்திருப்பார் என்று மட்டும்தான் சொல்லமுடியும்.

எங்கள் வரிசை ஓரத்தில் வந்து நின்றார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். அவர் என்னைப் பார்க்கவில்லை. சான்றிதழைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“வருசம் பூரா ஒரு நாளு கூடவா லீவு போடல?”

“போடல.”

“ஜொரம் கிரம் வந்தா கூடவா?”

“வந்திச்சி. மாத்தர போட்டுக்கினு வந்துட்டேன்.”

“அறிவு கீதா உனக்கு?” என்றார். “இருவத்தெட்டு வருசம் எவன் வந்தான், எவன் வரலன்னு எழுதினவன் நானு. லீவே போடாம ஒருத்தன் வந்துக்கினே இருந்தான்னா, அவன் வூட்ல இன்னாமோ சரியில்லன்னு அர்த்தம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பேர் நடுவில் அழவைக்கிறாரே என்று கோபமும் வந்தது.

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என்னைத் தாண்டி என் மனைவியிடம் போனார். அவள் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றாள். மாமா என்று கூப்பிட அவளுக்கு இதுவரை யாரும் இடம் கொடுத்ததில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் அவள் பெயர், அவள் அப்பா பெயர், வயது, தெரு எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுப் படித்தவர்தான் அவர். பரிசுப் பெட்டியை அவள் கையில் கொடுத்தார்.

“உம் பேரு இன்னாம்மா?” என்று கேட்டார்.

அவள் சொன்னாள். அவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பாடு எந்தப் பக்கம் போடுகிறார்கள் என்று கேட்டார்.